மல்டிமீட்டருக்குக் காட்டிய தீபாராதனை

உ
மாடம்பாக்கம் தேனுபுரீசர் திருவருள் முன்நிற்க. கல்விக்கும் கருவிக்கும் தாயான கலைமகள் அடியேன் பிழை பொறுத்தருள்க.

சகல சௌபாக்கியமும் பெற்ற மாப்பிள்ளை தினகரன் அவர்களுக்கு, மாமனார் தசரதன் ஆசிகளுடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தை ரமாவும் நலம். கோயம்புத்தூர்க் கண்காட்சியில் நீங்களும் என் மகள் தேவதர்ஷினியும் நலமாயிருப்பதை அறிய ஆவல். வீடு எரியவில்லை, இதை முதலிலேயே சொல்லிவிடும்படி ரமா கூறினாள். தொலைபேசியில் பேசினால் இரண்டாம் வாக்கியத்திலேயே "ஐயோ மாமா" என்பீர்கள். ஆதலால் எழுதி, படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் செய்கிறேன்.

மாடி அறை மேசைமேல் இரண்டு மல்டிமீட்டர்களை நிறுத்தி, ஒன்று பேட்டரியின் சூட்டையும் மற்றொன்று அதற்குள் ஏறும் மின்சாரத்தையும் அளக்க, அளந்ததை நொடிக்கு நொடி கம்பி வழியே கணினி எழுதிக்கொள்ள, அந்தப் பதிவு விஜயதசமி காலை வரை அறுபடாமல் ஓடினால்தான் கேளம்பாக்கம் கம்பெனி நீங்கள் வடிவமைத்த பேட்டரி சார்ஜருக்கு ஆர்டர் கொடுக்கும் என்றும், "மாமா, நீங்க எதையும் தொட வேணாம், வயர் கழண்டுடாம பாத்துக்கிட்டாப் போதும்" என்றும் சொல்லிச் சென்றீர்கள். நான் மறக்கவில்லை. ஆனால் இடையில் ஆயுத பூஜை வந்துவிட்டதே! அரிவாள்மணை முதல் உங்கள் அத்தையின் மிக்ஸி வரை பொட்டு வைத்துக்கொண்டு ஓய்ந்திருக்கும் நாளில், இவ்விரு கருவிகள் மட்டும் வெறும் நெற்றியுடன் கண் சிமிட்டி உழைப்பதைக் காண மனம் பொறுக்கவில்லை. அணைத்தால் உங்களுக்குத் துரோகம்; அணைக்காவிட்டால் அம்பிகைக்கு அபசாரம். நெடுநேரம் சிந்தித்து, ஓடுவது ஓடட்டும், இருந்த இடத்திலேயே பூஜை செய்வோம் என்று தீர்மானித்தேன்.

"மாப்பிள்ளை தொடாதீங்கன்னுட்டுப் போயிருக்காரு. பொரிகடலையை மட்டும் வச்சுட்டு இறங்கி வாங்க" என்றாள் ரமா. சந்தனம் வைப்பது தொடுவதாகாது என்றேன். "அப்போ எதால வைப்பீங்க, மூக்காலயா?" என்றாள்.

அவள் பேச்சைப் பொருட்படுத்தாது, பொத்தான்களில் படாமல் சந்தன குங்குமம் சாத்தி, சாமந்திப்பூ சூட்டி, மீட்டர்களுக்குத் தீபாராதனை காட்டினேன். பேட்டரியை மட்டும் விட்டுவிடுவது ஓரவஞ்சனை அல்லவா? அதற்கும் மும்முறை நெருக்கமாகச் சுற்றிக் காட்டினேன். அதன்மேல் ஒட்டியிருந்த மெல்லிய கம்பிதான் சூட்டை அறியும் உறுப்பு என்பது எனக்கு எப்படித் தெரியும்? கணினித் திரையில் தரையோடு படுத்திருந்த கோடு சட்டென எழுந்து மூன்று சிகரங்களாக நின்றது. அம்பாள் பூஜையை ஏற்றுக்கொண்டாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அதே கோட்டைக் கேளம்பாக்கத்தில் அமர்ந்து இணையத்தில் பார்த்துக்கொண்டிருந்தாராம் அந்தக் கம்பெனி மேலாளர் சக்திவேல். மறுகணமே வீட்டுக்கு ஃபோன்.

"சார், இன்னா ஆவுது அங்க? பேட்டரி கொதிக்குது சார்! எல்லாரும் வூட்ட வுட்டு வெளிய ஓடுங்க!"

"பதற வேண்டாம் ஐயா, கற்பூரந்தான்."

"இன்னாது?"

"தீபாராதனை. உங்களுக்கும் சுண்டல் எடுத்து வைக்கட்டுமா?"

அந்தப் பக்கம் பெருமூச்சு ஒன்று கேட்டது. "ஒரே பேஜாரா போச்சு சார். மொத்த டெஸ்ட்டும் காலி. தினகரன் சார்கிட்ட நானே பேசிக்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

மாப்பிள்ளை, உங்கள் உழைப்புக்குக் கிடைக்கவிருந்த ஆர்டர் என் பக்தியால் போயிற்று. இனி அந்த மேசையின் அருகே தீபத்தோடு செல்வதில்லை என்று அம்பிகை முன் சத்தியம் செய்துவிட்டேன். சக்திவேலிடம் "பெரியவருக்கு வயதாகிவிட்டது" என்று சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை.

கலைமகள் உங்கள் கருவிகளிலும், திருமகள் உங்கள் இல்லத்திலும், மலைமகள் தேவதர்ஷினியின் கோபத்தைத் தணிக்கும் பணியிலும் நிலைபெறுக. குடும்பத்தோடு பல்லாண்டு வாழ்க.

இங்ஙனம்,
தசரதன்

பின்குறிப்பு: மேற்கண்ட வருத்தம், மன்னிப்பு, சத்தியம் யாவும் ரத்து. சக்திவேல் இப்போதுதான் மறுபடி அழைத்தார். சூடேறிய மூன்று முறையும் உங்கள் சார்ஜர் மின்சாரத்தைத் தானே நிறுத்தி, ஆறியதும் தானே தொடங்கியிருக்கிறதாம். அப்படி ஒரு சோதனை செய்யத்தான் அவர்களுக்கு ஆசையாம். பேட்டரி பாழாகிவிடுமே என்று உங்களிடம் கேட்கத் தயங்கினார்களாம். "ஆர்டர் உங்களுக்குத்தான் சார். ஆனா டெஸ்ட்டு எப்படிப் பண்ணீங்கன்னு ரிப்போர்ட்ல எழுதணும். கற்பூரம் எத்தினி வில்ல, எந்தப் பக்கமா சுத்தினீங்க?" என்றார். வலமாக என்றேன். நாளைக் காலை அவர்கள் அதிகாரிகள் முன்னிலையில் மீண்டும் செய்து காட்ட வேண்டுமாம். ரமா கற்பூர டப்பாவை ஒளித்து வைத்துவிட்டாள். நீங்களே அவளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.