மொட்டை மாடியில் ஒரு சென்சார்

“குழாயைத் திறந்தா காத்துதான் வருது பத்ரி சார். எங்க இஃப்ராவைப் பொண்ணு பார்க்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கிளம்பிட்டாங்க. நான் எதை வெச்சு பாத்திரம் கழுவறது?”

முதல் மாடி ஜெய்னப் அக்கா வாசலில் வந்து நின்று கேட்டபோதுதான் பத்ரிக்குச் சுருக்கென்றது. சேலையூரில் அந்தச் சின்ன அடுக்குமாடிக்கு அவர்தான் செயலாளர். காலையில் மோட்டார் போடுவது அவர் பொறுப்பு. இன்று போட்டாரா? நினைவே இல்லை. விடிந்ததிலிருந்து பேங்க் கஸ்டமர் கேரோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தொட்டி காலி என்றால், போடவில்லை என்றுதானே அர்த்தம்?

மறந்துவிட்டேன் என்று சொன்னால் தொலைந்தார். ஞாயிற்றுக்கிழமை செயலாளர் தேர்தல். அந்தப் பதவியில் சம்பளம் கிடையாது, மரியாதை மட்டும்தான். பத்ரிக்கு வேறெங்கும் அது கிடைப்பதில்லை என்பதால் பதவியை உயிராக நினைத்தார்.

கஸ்டமர் கேர் பெண் திரும்பத் திரும்பச் சொன்ன ‘சர்வர் ப்ராப்ளம்’ இன்னும் காதிலேயே நின்றது.

“சென்சார் ப்ராப்ளம் அக்கா” என்றார்.

அக்காவின் கோபம் பொசுக்கென்று அடங்கியது. “அப்படியா! பாவம், அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?”

பத்ரி அசந்துபோனார். அடடா, என்ன பாஷை! தமிழில் ஒரு தப்பு நடந்தால் அதைச் செய்தவன் என்று ஒருவன் வேண்டும். அவனுக்குப் பேர் வேண்டும், விலாசம் வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு மண்ணும் வேண்டாம். ‘டெக்னிக்கல் இஷ்யூ’ மழை மாதிரி, தானாக வரும், தானாகப் போகும். மழையின் சட்டையை யார் பிடிக்க முடியும்? வெள்ளைக்காரன் விட்டுப்போனதிலேயே உருப்படியான சொத்து இதுதான்.

பக்கத்துக் கட்டடத்திலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் வந்தது. மாப்பிள்ளை வீட்டாரும் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அத்தோடு விட்டிருக்கலாம்.

“நம்ம டேங்க்ல சென்சார் இருக்கா அங்கிள்? நான் பார்க்கணுமே!” என்றாள் இரண்டாம் மாடி சத்யபிரியா. எதையும் கண்ணால் பார்த்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

“சாயங்காலம் வாம்மா.”

அதற்குள் பழைய காலிங் பெல் ஒன்றைத் தண்ணீர்த் தொட்டியில் கயிறு போட்டுக் கட்டிவைத்தார் பத்ரி.

சத்யபிரியா அமுக்கிப் பார்த்தாள். “ஒண்ணுமே ஆகலையே அங்கிள்?”

“அதாம்மா ப்ராப்ளம்.”

அவள் பயபக்தியோடு தலையாட்டினாள். மறுநாளிலிருந்து லிஃப்ட் நின்றால் சென்சார். கேட் விளக்கு எரியாவிட்டால் சென்சார். ஒரு வீட்டில் இட்லி மாவு பொங்காததற்கும் அதுதான் காரணம் என்று பேச்சு. இவ்வளவு அட்டூழியம் செய்கிற சென்சாரைச் சும்மா விடலாமா?

“அந்தக் கம்பெனிக்காரனை வரச் சொல்லுங்க” என்றார் ஜெய்னப் அக்கா.

“சொல்லியாச்சு அக்கா. பிராசஸ்ல இருக்கு.”

“எப்ப வருவான்?”

“அப்டேட் வரும்.”

ஞாயிற்றுக்கிழமை வந்தது, அப்டேட் வரவில்லை. கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“கம்பெனி நம்பரைக் குடுங்க, நானே பேசறேன்” என்று அக்கா போனை எடுத்தார்.

பத்ரியின் கைவசமிருந்த ஆங்கிலம் மொத்தமும் தீர்ந்துவிட்டது. இனி உண்மையைத் தவிர வேறு வழியில்லை. பதவி போனால் போகட்டும் என்று எழுந்தார்.

“எல்லாரும் என்னை மன்னிக்கணும். அந்த சென்சார் வந்து...”

“அந்தக் கம்பெனியே இப்ப இல்ல!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். தரைத்தளத்து சவுரிமுத்து. நைட் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர், கூட்டத்தில் வாயே திறக்காதவர். “நான் விசாரிச்சுட்டேன். மெர்ஜர் ஆயிட்ச்சாம்.”

மெர்ஜர்! கூட்டமே ‘உச்’ கொட்டியது. எது எதோடு சேர்ந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. மெர்ஜர் ஆன கம்பெனியோடு தனி மனுஷனாகப் போராடிய பத்ரியே மறுபடியும் செயலாளர் என்று முன்மொழிந்தவர் ஜெய்னப் அக்காதான்.

கூட்டம் கலைந்ததும் பத்ரி ஓடிப்போய் சவுரிமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டார். “மானத்தைக் காப்பாத்திட்டீங்க அண்ணா. எனக்காக எதுக்கு இவ்ளோ பெரிய பொய்?”

சவுரிமுத்துவுக்குக் கண் கலங்கியது.

“இன்னா சார் இப்டி கேட்டுட்ட? அன்னிக்கு நீ போட்ட மோட்டாரை, சத்தத்துல தூக்கம் வர்லன்னு ஆஃப் பண்ணவனே நான்தான்னு தெரிஞ்சும், என்னைக் காட்டிக் குடுக்காம சென்சார் மேல பழியப் போட்டியே, நீ தெய்வம் சார்!”