பெண்கள் அறையும் நவீன நிர்வாகமும்

ஒரு காட்டில் பள்ளிவாசல் ஒன்று இருந்தது. அதில் பெண்கள் தொழுவதற்கென்று ஓர் அறை இருந்தது. அறைக்குப் பூட்டும் இருந்தது. உள்ளே உடைந்த நாற்காலிகள் இருந்தன.

மேய்ச்சல் முடிந்து திரும்பும் வழியிலேயே புள்ளிமான் ஸபூராவுக்கு மஃரிப் என்னும் அந்தித் தொழுகை வேளை வந்துவிடும். வீடு போய்ச் சேர்வதற்குள் நேரம் தப்பிவிடும். ஒருநாள் பள்ளிக்கு வெளியே, கொட்டும் மழையில் நனைந்தபடியே தொழுதாள். மறுநாள் நேராகப் பள்ளியை நிர்வகிக்கும் முத்தவல்லி, யானை மீராசா மரைக்காயரிடம் போனாள்.

“மாமு, அந்த அறையை ஒழிச்சுக் குடுங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

மரைக்காயர் காதை ஆட்டினார். “நல்ல யோசனை புள்ளே. காலம் மாறுது, நாமளும் மாறணும்ல? நிர்வாகத்தையே நவீனமாக்கிப்புடுவோம்.”

ஸபூரா பூரித்துப் போனாள்.

செயலாளர் கொக்கு சுறுசுறுப்பானவர். காலை நீட்டினாலே தண்ணீர் கொட்டும் குழாய்கள் வந்தன. குளிர்சாதனம் வந்தது. தொழுகை நேரம் காட்டும் பெரிய திரை வந்தது. குறைகளைச் சொல்ல ஒரு செயலியும் வந்தது. ஸபூரா அதில் தன் குறையைப் பதிந்தாள். ‘உங்கள் கோரிக்கை எங்களுக்கு மிக முக்கியம்’ என்று உடனே பதில் வந்தது. மறுநாளும் அதே பதில் வந்தது.

கழற்றிய மின்விசிறிகளையும் பழைய பாய்களையும் எங்கே போடுவது?

“பெண்கள் அறைதான் சும்மா கிடக்கே” என்றார் கொக்கு.

கதவைச் சாத்த முடியவில்லை. பாய்கள் வெளியே சரிந்து விழுந்தன. ஸபூராவுக்கு அழுகை வந்தது. பிறகு ஆத்திரம் வந்தது. அப்புறம்தான் பாய்களைக் கவனித்தாள். கிழிசலே இல்லை.

“காக்கா, இதெல்லாம் வேணுமா?” என்று அண்ணன் முறை வைத்துக் கொக்கிடம் கேட்டாள்.

“குப்பைதானே லாத்தா, தூக்கிட்டுப் போங்க” என்றார் கொக்கு.

பெண்முயல்களும் காட்டுப்பசுவும் கூட வந்து சுமந்தார்கள். எதிரே பாழாய்க் கிடந்த கொட்டகையைப் பெருக்கிப் பாய் விரித்தார்கள். தொழுதார்கள். பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்தார்கள். கணவன் கைவிட்ட ஒரு முயலுக்கு வேலையும் தேடிக் கொடுத்தார்கள். கொட்டகையில் இடம் போதவில்லை. பெரிய பள்ளியில் குளிர்சாதனம் ஆளில்லாமல் குளிர்ந்துகொண்டிருந்தது.

ஒருநாள் மரைக்காயர் பரிவாரத்தோடு வந்தார். மூடச் சொல்லப் போகிறார் என்று ஸபூரா நினைத்தாள்.

அவர் ரிப்பன் வெட்டினார். கொக்கு சுவரில் கல்வெட்டைப் பதித்தார்: ‘மகளிர் நவீன மையம். நமது முத்தவல்லியின் நீண்ட நாள் கனவு.’

ஸபூரா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டது. உள்ளே போய்விட்டாள்.

நீதி: இடம் வேண்டுமென்றால் நிர்வாகத்திடம் இடத்தைக் கேட்காதீர்கள், குப்பையைக் கேளுங்கள். கனவு கண்டவர் திறப்பு விழாவுக்குத் தானாக வந்துவிடுவார்.