கண்ணாடிக்குள் அமைதியான குடும்பம்

"பிடிச்சுக்குங்கன்னு சொன்னேனா, இல்ல..."

"பிடின்னே, பிடிச்சேன், அது பாட்டுக்கு..."

"பிடிக்கச் சொன்னேன். பிடுங்கவா சொன்னேன்?"

அப்பா பொம்மையின் வலது கை இப்போது கணவரின் கையில் இருந்தது.

காடு போலவே கட்டிய கடை அது. கல்லாப்பெட்டி மரப்பொந்துக்குள் இருக்கும். விற்பனைப் பெண்கள் இலைத் தொப்பி போட்டிருப்பார்கள். விற்பது என்னவோ மெத்தையும் தலையணையும் கோப்பையும்தான். தெருப்பக்கக் கண்ணாடிக்குள் காட்சி அமைப்பது மனைவியின் வேலை. அதற்கு வேண்டியதை அறுத்து அடித்துக் கொடுப்பது தச்சரான கணவரின் வேலை. இந்த மாதக் காட்சிக்கு மேனேஜர் வைத்த பெயர் 'அமைதியான குடும்பம்'. குடிசை வாசலில் அப்பா பொம்மையும் அம்மா பொம்மையும் டீ குடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

"இன்னைக்கு தலைமை அலுவலகத்து மேடம் வர்றாங்க. தெருவுல போறவங்க நின்னு பார்க்கணும். நிக்கலைன்னா நாளையிலேர்ந்து கண்ணாடி வேலை வெளிக் கம்பெனிக்கு. உங்க ரெண்டு பேருக்கும் கும்பிடு" என்று சொல்லிவிட்டு மேனேஜர் வாசலுக்குப் போயிருந்தார்.

இதுவரை நின்று பார்த்தது ஒரு நாய். அதுவும் கண்ணாடியில் தன்னையே பார்த்துக் குரைத்துவிட்டுப் போய்விட்டது.

"வேலை முடியறவரைக்கும் கண்ணாடியைக் காகிதம் ஒட்டி மூடி வைக்கணும். அதை எதுக்குக் கிழிச்சீங்க?"

"பசை தரையில சிந்தாம இருக்க விரிச்சேன். அதுவும் குத்தமா?"

காகிதத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் பசை சிந்தியிருந்தது.

கணவர் கையை ஒட்டினார். மரத்துக்குப் போடும் பசை, நொடியில் இறுகிவிட்டது. கை மேல் நோக்கி ஓங்கியபடி நின்றது.

"ஐயோ, பெண்டாட்டியை அறையப் போறமாதிரி இருக்கே!"

"ஆசீர்வாதம் பண்றார்னு வெச்சுக்கோ."

"இந்த மூஞ்சிக்கு ஆசீர்வாதம் ஒண்ணுதான் குறைச்சல். அந்தக் கையில எதையாவது கொடுங்க."

கெட்டிலைக் கொடுத்தார். கெட்டில் சாய்ந்து, அம்மா பொம்மையின் உச்சந்தலைக்கு நேராக நின்றது.

"இப்ப கொதிக்கக் கொதிக்கத் தலையில ஊத்துறார். திருப்தியா?"

"அப்ப அவளைத் திருப்பி வை."

அம்மா பொம்மை தெருவைப் பார்த்துத் திரும்பியது. டீக் கோப்பைக்காக மடங்கிய அதன் விரல்கள் அந்தரத்தில் நின்றதால், மனைவி அவற்றில் ஒரு பயணப் பையை மாட்டினாள். இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தாள். புருஷன் பின்னாலிருந்து வெந்நீர் ஊற்ற, பெண்டாட்டி சிரித்த முகத்தோடு பெட்டி படுக்கையோடு வீட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்தாள்.

"அம்மா வீட்டுக்குக் கிளம்பிட்டா" என்றார் கணவர். "இவ சொல்லாமலே கிளம்பிட்டா. நீ கல்யாணமான நாள்லேர்ந்து சொல்லிக்கிட்டேதான் இருக்கே."

மனைவி தலையணையை எடுத்து வீசினாள். அது கணவர் மேல் படாமல் குடிசை மேல் பட்டது. கூரை சரிந்து அப்பா பொம்மையின் தலையில் தொப்பியாக உட்கார்ந்துகொண்டது.

"உருப்படியா நின்னது கூரை ஒண்ணுதான், அதையும்..."

"அது உங்க லட்சணம்! தலையணை பட்டா விழற கூரையை எவன்..."

சட்டென்று மனைவி நிறுத்தினாள்.

"ஏங்க, வெளியில பாருங்க."

கண்ணாடிக்கு வெளியே நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். சைக்கிளை நிறுத்திவிட்டு ஒருவர் எட்டிப் பார்த்தார். ஓர் அம்மாள் குழந்தையை இடுப்பில் தூக்கிக் காட்டினாள்.

"நின்னுட்டாங்க! பையைப் பார்த்துத்தான் நின்னாங்க."

"பையையா? என் கெட்டிலைப் பார்த்து!"

"உங்க கைவேலையைப் பார்த்து யாரு நின்னா? போன மாசம் கரடி செஞ்சீங்க. எல்லாரும் பன்றின்னாங்க."

"பன்றின்னது உங்க அண்ணன் ஒருத்தன்தான்!"

"எங்க அண்ணனை இழுக்காதீங்க!"

"பன்றியை இழுத்தது அவன்!"

அவர் சுத்தியலை ஆட்டினார், இவள் அளவு நாடாவைச் சுழற்றினாள். வெளியே கூட்டம் நடைபாதையை அடைத்துக்கொண்டது. பின்வரிசைக்காரர்கள் எம்பி எம்பிப் பார்த்தார்கள்.

மேடம் அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டியிருந்தது.

"எந்தக் கிளையிலயும் நான் இப்படிப் பார்த்ததில்லை! யாரோட யோசனை?"

"என்னோடது" என்றார் பின்னாலேயே வந்த மேனேஜர்.

"காட்சி என்னோடதுங்க, மேடம்" என்று மனைவி முன்னே வந்தாள். "அமைதியான குடும்பம்னா உள்ளுக்குள்ள எப்படி இருக்கும்? வாயால சொல்ல முடியாததைப் பொம்மையை வெச்சுச் சொல்லியிருக்கேன்."

"கை என்னோடது" என்றார் கணவர்.

"பிரமாதம். வெளிக் கம்பெனியெல்லாம் வேண்டாம். இந்தக் கண்ணாடி இனிமே உங்க ரெண்டு பேருக்குத்தான்."

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். வேலை நிலைத்தது.

பக்கக் கதவைத் திறந்து காவல்காரர் தலையை நீட்டினார்.

"அம்மா, அந்த ரெண்டு பொம்மையையும் கொஞ்சம் ஓரமா நகர்த்தி வைக்கணுமாம். நீங்களும் ஐயாவும் சண்டை போடுறதை மறைக்குதுன்னு வெளியில சத்தம் போடுறாங்க."