'வெண்துளி'யின் தலைசிறந்த ரசிகர்

மக்களின் குரலுக்குச் செவிசாய்க்கும் பெருமையை இதுநாள்வரை ஜனநாயகம் தன்னிடமே வைத்திருந்தது. அந்தப் பெருமை இப்போது 'வெண்துளி' குடிநீர் கம்பெனியின் முகநூல் பக்கத்துக்கு மாற்றலாகி வந்துவிட்டது. அந்தப் பக்கத்தின் 'மக்கள் ஈடுபாட்டு மேலாளர்' என்ற முறையில் இதைப் பணிவன்புடன் அறிவிக்கிறேன்.

செய்யூருக்குப் பக்கத்தில் எங்கள் தொழிற்சாலை. வருவோரை வரவேற்க ஒரு பெரிய கேட் உண்டு, எப்போதும் மூடியிருக்கும். குறை சொல்ல வருகிறவர்கள் வெயிலில் நின்று வாடக் கூடாதே என்ற கருணையில், எங்கள் பக்கத்தின் பெயரைக் கேட்டிலேயே கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தோம்.

திருமதி ஜோதிலட்சுமி அந்தக் கேட்டுக்குத்தான் வந்தார். தொழிற்சாலைக்குப் பின்புறம் வேர்க்கடலை, அவர்கள் பேச்சில் மல்லாட்டை, போட்டிருந்தவர். நாங்கள் போர்வெல் போட்டுத் தண்ணீர் எடுக்கத் தொடங்கிய பிறகு அவருடைய கிணறு வற்றிவிட்டது. கேட்டைப் பிடித்து உலுக்கினார்.

"இன்னாம்மா, இங்க வந்து கத்திகினு கீற?" என்றார் வாட்ச்மேன். "எதுவா இருந்தாலும் பேஜ்ல போடு. உள்ள இருக்கறவங்க அதத்தான் பாப்பாங்க."

ஜோதிலட்சுமி போட்டார்: "கெணறு வத்திப்போச்சு. மல்லாட்ட காயுது. உங்க போர நிறுத்துங்க."

எங்கள் பக்கத்தில் பதில் எழுதும் ஜாக்குலின் உடனே ஒரு சிவப்பு இதயத்தை அனுப்பி, "உங்கள் அன்புக்கு நன்றி! தாகமா? வெண்துளி இருக்க வருத்தம் ஏன்?" என்று எழுதினாள். அதற்கு ஜோதிலட்சுமி எழுதிய பதிலை இங்கே அச்சிட இயலாது. ஜாக்குலின் அதற்கும் ஓர் இதயம் அனுப்பினாள்.

விஷயம் ஊருக்குத் தெரிந்தது. காய்ந்த கிணற்றுக்காரர்கள் எல்லோரும் கைப்பேசியை எடுத்தார்கள். அதுவரை தொழிற்சாலைக்குள் மூன்று போர். எங்கள் பக்கமோ முழுக்கவே போர். இப்போது கிணறுகள் வற்ற வற்ற, கமெண்டுகள் ஊறின.

மாமல்லபுரத்தில் கடல் பார்த்த விடுதியில் அவசரக் கூட்டம். சென்னைத் தலைமையகத்திலிருந்து எங்கள் பெரிய அதிகாரி ஆதித்யா வந்திருந்தார்.

"ஹரிஹரன், யார் இந்த அம்மா? நம்ம பிராண்டு மேல இவ்வளவு உணர்ச்சியோட ஒருத்தரை நான் பார்த்ததே இல்ல."

"திட்டறாங்க சார்" என்றேன்.

"என்ன சொல்றாங்கங்கறது முக்கியமில்ல. சொல்றாங்க பாருங்க, அதான் 'ஈடுபாடு'."

"போரை நிறுத்தச் சொல்றாங்க சார்."

"அது உற்பத்தித் துறை. நாம செவிசாய்க்கற துறை."

அடிக்கடி எழுதுகிறவருக்கு முகநூல் தானாகவே ஒரு பட்டம் தரும். ஜோதிலட்சுமியின் பெயருக்குப் பக்கத்தில் ஒருநாள் காலை அது மின்னியது: 'தலைசிறந்த ரசிகர்'.

பக்கத்து நிலத்துக்காரர் பிரவின்குமார் டீக்கடையில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார்: "இன்னாக்கா, கம்பெனிக்கு நீயே ரசிகர் மன்றம் வெச்சுட்டியாமே?"

கடையே சிரித்தது. ஜோதிலட்சுமி சிரிக்கவில்லை. டீயைக் குடிக்காமல் எழுந்து நிலத்துக்குப் போனார். செடிகள் மஞ்சளடித்துத் தலை தொங்கிக் கிடந்தன. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தார், பிஞ்சு சூம்பியிருந்தது. வரப்பில் உட்கார்ந்து அழுதார். அழுது முடித்தபோது அவருக்கு ஒன்று புரிந்திருந்தது. நேரே டீக்கடைக்குத் திரும்பி வந்தார்.

"நாம திட்டத் திட்ட அவனுக்குத்தான் நல்லா ஓடிகினு கீது. இன்னியிலேர்ந்து ஒருத்தரும் வாயத் தொறக்காதீங்க."

ஊர் வாயை மூடியது. எங்கள் பக்கம் மயானமானது. பூனைக்குட்டிப் படம் போட்டோம். சூரிய உதயம் போட்டோம். ஜாக்குலினின் சித்தி மட்டும் விருப்பம் தெரிவித்தார். தலைமையகம் விளக்கம் கேட்டது. ஆதித்யாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில், கம்பெனி வரலாற்றிலேயே முதன்முறையாக, ஓர் அதிகாரி கேட்டைத் திறந்து மக்களைத் தேடி நடந்தார். நான் குடை பிடித்தேன்.

"அம்மா, எங்க மேல ஏதாவது கோபமா?" என்றார் ஆதித்யா. "இப்பல்லாம் திட்டறதே இல்லையே?"

"இன்னாத்துக்குத் திட்டணும்?"

"பெரிசா ஒண்ணும் வேணாம்மா. 'நாசமாப் போவீங்க'ன்னு ஒண்ணு போட்டீங்களே, அது ரொம்ப நல்லா போச்சு. அந்த மாதிரி."

"உங்க பேஜால எங்களுக்கு ஒரே பேஜாரு சார். மல்லாட்ட புடுங்கற வரைக்கும் போர நிறுத்து. வேணுங்கற அளவு திட்டறேன்."

"அது உற்பத்தித் துறைம்மா…"

"அப்ப அவங்களயே வந்து திட்டச் சொல்லு."

ஆதித்யா அங்கேயே போன் போட்டார். கேட்டில் நின்று கெஞ்சியபோது நிற்காத போர்கள், எங்கள் பக்கத்தின் மானத்தைக் காக்க மூன்றும் நின்றன. சில நாளில் கிணற்றில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஊறியது.

ஜோதிலட்சுமி நாணயமானவர். செடிக்குத் தண்ணீர் கட்டிவிட்டு, வரப்பில் உட்கார்ந்து காலையும் மாலையும் தவறாமல் திட்டினார். பிரவின்குமார் முறை வைத்து ஊரையும் திட்டவைத்தார். ஆதித்யா ஒவ்வொரு வசவையும் வாய்விட்டுப் படித்து நெகிழ்ந்தார்.

விளைச்சல் மோசமில்லை. கடைசி மூட்டை வண்டியேறிய அன்றே மூன்று போர்களும் மறுபடி ஓடின. அடுத்த போகத்துக்கு ஜோதிலட்சுமி உழுதபோது கிணற்றில் சேறுதான் இருந்தது. அதன்பிறகு அவர் எழுதியவற்றுக்கு எந்த ஒப்பந்தமும் தேவைப்படவில்லை. எங்கள் பக்கம் அதுவரை காணாத உயரத்தைத் தொட்டது.

மக்களோடு மிக நெருங்கிப் பழகும் கம்பெனிக்கான விருது மாமல்லபுரத்தில் எங்களுக்கு வழங்கப்பட்டது. கேடயத்தைக் கொடுத்த நடுவர் மைக்கை நீட்டினார்.

"மக்கள் மனசுல இவ்வளவு ஆழமான உணர்வை எப்படி உண்டாக்கினீங்க?"

ஆதித்யா தன்னடக்கத்தோடு தலை குனிந்தார்.

"நாங்க பெரிசா ஒண்ணும் செய்யல சார். அவங்க தண்ணிய எடுத்தோம், அவ்வளவுதான்."