கடல் தாண்டிய குழாய்

"சொட்டுதா, ஒழுகுதா? அதை முதல்ல கேளு மாப்ள" என்றார் குழாய்க்காரர், மைத்துனனின் தோளுக்கு மேலே கழுத்தை நீட்டிக்கொண்டு.

மைத்துனன் கைப்பேசித் திரையைப் பார்த்து இங்கிலீஷில் பொழிந்தான். திரையில் ஒரு சமையலறைத் தொட்டியின் அடிப்பக்கம் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் சிவந்த மூக்கு ஒன்று.

"சொட்டுதாம் மாமா. ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லையாம்."

"இவ்வளவுதானா? அஞ்சு நிமிஷ வேலை."

சொன்னாரே தவிர, அவருக்கு உள்ளங்கை வேர்த்துக்கொண்டிருந்தது. வேர்க்காமல் என்ன செய்யும்? அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே, காலை நீட்டினால் சுவரில் இடிக்கிற கடையை வைத்துக்கொண்டு, வாசலில் ‘இன்டர்நேஷனல் குழாய் சேவை’ என்று போர்டு மாட்டியாயிற்று. எல்லாம் மைத்துனன் கொடுத்த யோசனை. நேரில் போக வேண்டியதில்லை, வீடியோவில் பார்த்து வழி சொன்னால் போதும், உலகத்தில் எங்கெல்லாம் குழாய் ஒழுகுகிறதோ அங்கெல்லாம் நம் வாடிக்கையாளர்தான் என்று அவன் சொன்னபோது இவருக்குப் புல்லரித்துவிட்டது. உள்ளூர் நம்பர் என்றால் எவன் மதிப்பான் என்று வெளிநாட்டு நம்பர் ஒன்றையும் வாங்கிப் போட்டான். இணையப் பக்கத்தில் கோட்டுப் போட்ட படம் இருந்தது. ஆள் இவர்தான், கோட்டு வேறு யாருடையதோ.

போர்டு ஏறிய நாளிலிருந்து ஒரு வெளிநாட்டுக் காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. தெருவில் போகிறவர்கள் "என்ன இன்டர்நேஷனல், சௌக்கியமா?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். கடையையும் அவரையும் சேர்த்தே மேய்க்கிற மனைவி நேற்றுத் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒரே ஒரு வெளிநாட்டுக்காரன் நல்லா இருக்குன்னு நெட்டுல எழுதட்டும். இல்லேன்னா அந்தப் போர்டை நானே கழட்டிடுவேன். என் தம்பியும் பழைய வேலைக்கே போகட்டும்."

அவள் சொன்ன அந்த நாள் விடிந்து, மத்தியானமும் ஆன பிறகுதான் இந்த அழைப்பு வந்தது. வெளிநாட்டு நம்பர். சந்தேகமே இல்லை.

"ஜன்னல்ல வெயில் அடிக்குதே மாப்ள. நமக்கும் பகல், அவங்களுக்கும் பகலா?"

"அதெல்லாம் சூரியன் பாத்துக்கும் மாமா. நீங்க குழாயைப் பாருங்க."

அதுவும் நியாயம்தான் என்று பட்டது. "தொட்டிக்கு அடியில ஒரு கைப்பிடி இருக்கும். அதை வலது பக்கம் தள்ளச் சொல்லு."

மூக்கு மறைந்தது. கை ஒன்று நீண்டது. சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் சளசளவென்று ஓட ஆரம்பித்தது.

"வலதுன்னுதானே சொன்னேன்?"

"வலதுதான் தள்ளினார். மல்லாக்கப் படுத்துக்கிட்டுத் தள்ளினார்."

"கெட்டுது. அப்ப இடது பக்கம். நல்லா அழுத்தி, விடாம."

வெளிநாட்டுக்காரர் சொன்ன பேச்சைக் கேட்கிறவர். அழுத்தினார், விடவும் இல்லை. கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

இந்தத் தொழிலில் ஒரு சம்பிரதாயம் உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும், பையைக் கீழே வைப்பதற்கு முன்பே, இதற்கு முன்னால் அங்கே வேலை பார்த்தவனைத் திட்டிவிட வேண்டும். "யாருங்க இதை மாட்டினது?" என்று தலையில் கைவைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அதற்குப் பிறகு எது உடைந்தாலும் பழி அவனுக்கு, கூலி நமக்கு. குழாய்க்காரர் இந்தக் கலையில் கரைகண்டவர். பதற்றத்தில் இன்றைக்கு மறந்து தொலைத்திருந்தார்.

"யார் மாட்டினதுன்னு கேளு."

"தெரியாதாம் மாமா. இப்பத்தான் குடிவந்தாராம்."

"அதானே பார்த்தேன். மாட்டினவன் குழாய்க்காரனே இல்லைன்னு சொல்லு. வேற ஏதோ வேலைக்குப் போக வேண்டியவன் வழி தவறி இந்தப் பக்கம் வந்துட்டான்."

பின்னால் நின்றிருந்த மனைவி திரையை உற்றுப் பார்த்தாள். "ஒரே இருட்டும் தண்ணியுமா இருக்கு. எதை வெச்சுங்க சொல்றீங்க?"

"பாத்துட்டுத்தான் திட்டணும்னா இந்தத் தொழில்ல ஒருத்தனும் பிழைக்க முடியாது. நீ சும்மா இரு. மாப்ள, வாசல் பக்கத்துல மெயின் வால்வு இருக்கும், சிவப்புச் சக்கரம். அதை மூடச் சொல்லு."

சக்கரம் இறுகிப் போயிருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் இளகும் என்றார் இவர். அங்கே சுத்தியல் இல்லையாம். கிடைத்ததைக் கொண்டு தட்டச் சொன்னார். வெளிநாட்டுக்காரர் கனமான வாணலி ஒன்றை எடுத்துவந்து, உடம்பில் இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி ஓங்கிப் போட்டார். சக்கரம் பறந்தது. அது இருந்த இடத்திலிருந்து தண்ணீர் எதிர்ச்சுவர்வரை பீய்ச்சி அடித்தது.

அந்த நேரம் பார்த்துக் கட்டடத்து வாட்ச்மேன் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு தலையை நீட்டினான். "சார், கொஞ்சம் அவசரம்..."

"இன்டர்நேஷனல் கால் போய்க்கிட்டிருக்கு. உள்ளூர் வேலையெல்லாம் அப்புறம்" என்று மைத்துனன் கதவைச் சாத்தினான்.

திரையில் இப்போது மூக்கு இல்லை, வெறும் கூச்சல்தான். குழாய்க்காரருக்குக் கையிருப்பில் மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"நல்லாச் சொல்லு மாப்ள. இதெல்லாம் அந்தப் பாவி பண்ணின வேலை. அவன் தொட்டது எதுவும் விளங்காது. இனிமே அந்த ஆளை வாசப்படி ஏத்தவே கூடாது, சொல்லு."

மைத்துனன் சொன்னான். இவர் சொன்னதைவிட ஒரு பங்கு கூடவே போட்டுச் சொன்னான்.

"ஏத்த மாட்டேன்னு சத்தியம் பண்றார் மாமா."

திரை இருண்டது. இணைப்புப் போய்விட்டது.

மைத்துனன் கைப்பேசியை மேஜைமேல் வைத்தான். குழாய்க்காரருக்கு அழுகை வராத குறை. யாரோ முகம் தெரியாத மனுஷன் இவரை நம்பி வீட்டைக் குளமாக்கிக்கொண்டு நிற்கிறானே என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். மனைவி திருப்புளியையும் ஸ்டூலையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். போகிற போக்கில் அவர் தோளில் லேசாகத் தட்டிவிட்டுத்தான் போனாள். அது இன்னும் வேதனையாக இருந்தது.

அவள் ஸ்டூலில் ஒரு கால் வைத்திருப்பாள், கைப்பேசி கிணுகிணுத்தது.

"அக்கா, இறங்கு" என்றான் மைத்துனன். கைப்பேசியைத் தூக்கிக் காட்டினான். "அஞ்சு ஸ்டார். எழுதியும் இருக்கார். ‘வீடு நாசம். ஆனால் குற்றம் யாருடையது என்று மூடிமறைக்காமல் சொன்ன ஒரே நிபுணர் இவர்தான். இப்படி ஒரு நேர்மையை நான் எந்த நாட்டிலும் பார்த்ததில்லை.’"

மனைவி வந்து தானே ஒருமுறை எண்ணிப் பார்த்தாள். ஐந்துதான். திருப்புளியை அதன் இடத்தில் மாட்டினாள்.

"சரி, போர்டு இருக்கட்டும். கொஞ்சம் கோணலா இருக்கு, அதை மட்டும் நிமிர்த்தி வைங்க" என்றாள். அப்படியே டீ போடப் போனாள். அவளாகவே டீ போடுவதெல்லாம் கடையில் நடக்காத காரியம்.

குழாய்க்காரர் நாற்காலியில் சாய்ந்து, சுவர் இடிப்பதையும் பொருட்படுத்தாமல் காலை நீட்டினார். உலகம் ஒன்றும் அவ்வளவு பெரிசில்லை என்று தோன்றியது. அடுத்து எந்தக் கண்டம் என்று மைத்துனனோடு பேச ஆரம்பித்தபோது கதவு திறந்தது. வாட்ச்மேன், தலையிலிருந்து கால்வரை தொப்பலாக நனைந்து நின்றான்.

"வாய்யா, இப்பச் சொல்லு. உள்ளூர் வேலை என்ன?" என்றார் பெருந்தன்மையாக.

வாட்ச்மேன் சட்டையைப் பிழிந்துகொண்டே சொன்னான். "இனிமே ஒண்ணும் இல்ல சார், மேல புதுசா வந்திருக்கிற வெளிநாட்டுக்காரர் வீட்டுல குழாய் உடைஞ்சு போச்சு, இதை மாட்டினவர் கீழயேதான் கடை வெச்சிருக்கார், கூட்டிட்டு வர்றேன்னு சொன்னேன், அதுக்கு அவரு, அந்த ஆளை மட்டும் வாசப்படி ஏத்தவே கூடாதுன்னு யாரோ ஃபாரின் எக்ஸ்பர்ட் சொல்லிட்டாருங்கிறார்."