யோகேஸ்வரியின் லாரிக்கு மஞ்சள் பூசிய கதை

செடெனாக்,
வியாழக்கிழமை

என் பிரியமுள்ள யோகேஸ்வரிக்கு,

உன் வீட்டுக்காரன் செல்லப்பன் எழுதிக்கொள்வது. நான் சுகம். லாரியும் சுகம். கடிதத்தைப் பிரித்ததும் நீ முதலில் தேடுவது லாரியைத்தான் என்பதால் அதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன். சிங்கப்பூரில் நீயும், பச்சை உடம்புக்காரி நம் மகள் ரூபினியும், மாப்பிள்ளையும், பேரனும் ஒரு குறையுமில்லாமல் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். பேரன் உன் மூக்கோடு பிறந்திருக்கிறானாம். பிழைத்துக்கொள்வான்.

போன் பண்ணினால் பிள்ளை முழித்துக்கொள்கிறான் என்கிறாய். குரலைப் பதிந்து அனுப்பினால் மாப்பிள்ளை காதிலும் விழுகிற மாதிரி சத்தமாக வைத்துக் கேட்கிறாய். அதனால்தான் ஸ்டாம்பு ஒட்டி எழுதுகிறேன். நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்.

நான் ஃபேக்டரியில் லீவு போட்டு உன் லாரியை ஓட்டத் தொடங்கிய அன்றே நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. "சிம்பாங் ரெங்கத்துல அன்னாசி ஏத்துங்க, மாசாய் சந்தையில எறக்குங்க, வீட்டுக்கு வாங்க. நடுவுல மூளைய மட்டும் போடாதீங்க." மூன்று நாள் அப்படியே இருந்தேன். நான்காம் நாள் நாசர் பாய் கடையில் தே தாரேக் குடிக்க உட்கார்ந்தபோது அவர் சும்மா இருக்காமல், "அக்காவுக்கு இப்ப பயம் தெளிஞ்சிருச்சா அண்ணே?" என்று கேட்டார். என்ன பயம் என்றேன். "போன மாசம் பனியில மாடு குறுக்க வந்து, அக்கா பிரேக்க அமுக்கி, லாரி கால்வாய் ஓரத்துல போய் நின்னுச்சே! இங்க வந்து ரெண்டு கிளாஸ் தண்ணி குடிச்சாங்க. வீட்டுல சொல்லிடாதீங்க பாய்னு சொன்னாங்க..." என்று சொல்லும்போதே அவர் வாயைப் பொத்திக்கொண்டார். "அலமாக்!"

டீயை அப்படியே வைத்துவிட்டேன், யோகம். முப்பத்தொரு வருஷமாக ஒன்றாக இருக்கிறோம், இதை ஒரு டீக்கடைக்காரர் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா? அன்றைக்கு நீ வீட்டுக்கு வந்து, நான் வைத்த ரசத்தில் உப்பில்லை என்று சண்டை பிடித்தது மட்டும்தான் எனக்குத் தெரியும். வெளியே வந்து லாரியின் முன்பக்கத்தைப் பார்த்தேன். ஃபாக் லைட் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டை, பல் விழுந்த வாய் மாதிரி. இரண்டு வருஷமாக அப்படித்தான் இருக்கிறது. கேட்டால், "எரியல, கழட்டிப் போட்டுட்டேன், இப்ப அது ஒண்ணுதான் கொறச்சல்" என்பாய். செம்பனைக் காட்டு ரோட்டில் விடியற்காலை ஐந்து மணிக்குப் போகிறவள் இரண்டு விளக்கு வாங்க யோசிக்கலாமா? கோபித்துக்கொள்ளாதே, நீ ஒரு கஞ்சப்பிசினாரி.

மெக்கானிக் சதாசிவத்திடம் விலை கேட்டேன். அவன் சொன்ன விலைக்கு லாரியையே பாதி வாங்கலாம். அதனால் இணையத்தில் தேடி, எண்பது ரிங்கிட்டுக்கு ஒரு ஜோடி பிடித்தேன். வெள்ளை வெளேரென்ற வெளிச்சம். பொருத்துவதற்குத் தகடு வரவில்லை. உன் பழைய தட்டு அடுக்கியை அறுத்து நானே தகடு செய்தேன் (பழையதைத்தான், பதறாதே). ராத்திரி மாட்டிவிட்டு சுவிட்சைப் போட்டால், வெளிச்சம் ரோட்டில் விழாமல் எதிர்வீட்டு ராசம்மா அக்காவின் மாடி ஜன்னலில் போய் விழுந்தது. அவர் போலீஸ் ரெய்டு என்று நினைத்து, மகனை எழுப்பி, "என்னடா பண்ணித் தொலைச்ச?" என்று இரண்டு அறை விட்டாராம். அவன் ஒன்றும் செய்யவில்லை, பாவம். பிறகு விளக்கைக் கீழே சாய்த்தேன்.

மறுநாள் சிம்பாங் ரெங்கத்தைத் தாண்டியதும் பனி இறங்கியது. நான் பெருமையாக சுவிட்சைப் போட்டேன். அவ்வளவுதான், எதிரே வெள்ளைச் சுவர். ரோடும் இல்லை, கோடும் இல்லை. அணைத்தால் இருட்டு, போட்டால் சுவர். நான் பனியில் விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்ட வருஷம், எங்கோ மலிவாகக் கிடைத்தது என்று என் மோட்டார் சைக்கிளில் இரண்டு மஞ்சள் விளக்கு மாட்டிவிட்டாயே, அதுகூட இதைவிட நன்றாகக் காட்டும். ஊர்ந்து ஊர்ந்து மாசாய் போய்ச் சேர்ந்தபோது சந்தை முதலாளி, அந்தச் சீனத் தௌக்கே, நேரமாகிவிட்டதென்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். சீனத்தில் சொன்னதால் மரியாதையாகக் கேட்டுக்கொண்டேன்.

எங்கே தப்பு என்று யோசித்தேன். பூஜை போடாமல் புது விளக்கைப் போட்டால் இப்படித்தான் ஆகும் என்று தோன்றியது. கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். பூசாரி எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, மஞ்சளைக் கரைத்து லாரி முழுக்கப் பூசினார். விளக்குக் கண்ணாடியையும் விடவில்லை, கை நிறைய எடுத்து அப்பினார். சாமி காரியம், வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வெயிலில் அது காய்ந்து ஒட்டிக்கொண்டது. துடைக்க எனக்கும் மனசு வரவில்லை.

மறுநாள் அதே பனி. பயந்துகொண்டே சுவிட்சைப் போட்டேன். வெளிச்சம் மஞ்சளாக, மங்கலாகத் தரையோடு போனது. ரோட்டு ஓரம் தெரிந்தது யோகம், கோடு தெரிந்தது, மாடு நின்றிருந்தால் அதுவும் தெரிந்திருக்கும். நான் வண்டியை ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் அழுதேன். வெட்கமில்லாமல்தான் எழுதுகிறேன். இப்போது தினமும் காலையில் பல் விளக்கியதும் லாரிக்கு மஞ்சள் பூசுகிறேன். சமையலறையில் மஞ்சள் தூள் தீர்ந்துவிட்டது.

ஆக, பெரிய செலவில்லாமல் உன் லாரிக்குக் கண் வந்துவிட்டது. நீ ஒன்றும் அவசரப்பட வேண்டாம். பிள்ளைக்கு மாதம் திரும்பட்டும், மெதுவாக வா. ரூபினிக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம். பேரனின் இரண்டு பாதத்துக்கும் ஒவ்வொரு முத்தம், அவன் தூங்கும்போது கொடு.

இப்படிக்கு,
உன் அன்புள்ள
செல்லப்பன்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது சதாசிவம் வந்தான், மஞ்சள் விளக்கைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே. சிரித்து முடித்து என் மோட்டார் சைக்கிள் பக்கம் திரும்பியவன், "லாரியிலேர்ந்து கழட்டுன லைட்டு இன்னும் நல்லா இருக்கே அண்ணே" என்றான். எந்த லாரி என்றேன். "அக்கா லாரிதான். நீங்க விழுந்தீங்கல்ல, மறுநாளே வந்தாங்க. 'லாரி பெருசு, எல்லாருக்கும் தெரியும், இந்த மனுஷன்தான் பனியில யாருக்கும் தெரிய மாட்டேங்குறாரு, இதக் கழட்டி அவருக்கு மாட்டு'ன்னாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

மாடு குறுக்கே வந்த அன்றும் உன் விளக்கு இரண்டும் என் வண்டியில்தான் எரிந்துகொண்டிருந்தது. என்னால் தாங்க முடியவில்லை யோகம். சதாசிவத்தைக் கையோடு உட்கார வைத்து, உன்னுடையதை உன் லாரியிலேயே மாட்டிவிட்டேன். மஞ்சள் பூசியது இரண்டும் இப்போது என் மோட்டார் சைக்கிளில். மேலே கஞ்சப்பிசினாரி என்று எழுதியிருக்கிறேன், அதை நீயே அடித்துவிடு. மெதுவாக வா என்பதையும் அடித்துவிடு. மஞ்சள் தூள் வாங்கிக்கொண்டு சீக்கிரம் வா.