மச்சானுக்கு வாங்கிய மழை ஷவர்

கடைக்காரர் கேள்வி கேட்டால் எனக்கு உண்மை வராது. காலுக்கு வாங்கும் சப்பாத்தின் அளவைக்கூட ஒன்று கூட்டித்தான் சொல்லுவேன் (பிறகு பஞ்சு அடைத்துக்கொண்டு நடப்பேன்).

இந்த வியாதி முற்றியது, நாட்டில் சண்டை முடிந்த அடுத்த மாரிக்காலத்தில். என் மனைவி வசந்தியின் அண்ணன் கனடாவிலிருந்து வருவதாகச் சொன்னார். எங்கள் கலியாணத்தில் அவருக்குத் துளியும் விருப்பமில்லை. "பள்ளிக்கூட வாத்தி என்னத்த வச்சு என்ர தங்கச்சியப் பாக்கப் போறான்?" என்று போனில் கேட்டவர். நாங்கள் நேரில் சந்தித்ததே இல்லை. அங்கே பெரிய எஞ்சினியர் என்று கேள்வி. முதுகு நோவுக்குச் சுடுதண்ணீரில்தான் குளிப்பார் என்றும் கேள்வி.

களுவாஞ்சிக்குடியில் எங்கள் வீடு சுனாமிக்குப் பிறகு கட்டியது. தண்ணீர்த் தாங்கி குளியலறைக்கு மேலேயே குந்தியிருந்தது. பச்சைத் தண்ணீராவது ஓடிவரும். கீஸரைச் சுற்றி வருகிற சுடுதண்ணீர், பென்சன்காரரைப் போல ஆறுதலாக நடந்துதான் வரும்.

மட்டக்களப்பு டவுனில் கடைக்காரர் கேட்டார். "தாங்கி நல்ல உயரத்தில இருக்கா மாஸ்டர்?"

"ஓம், நல்ல உயரம்."

"இருவது அடி வருமா?"

"கூட வரும்." (உண்மையில் ஷவருக்கு மேலே என் முழங்கால் உயரம்.)

"உயரம் இல்லாட்டி இந்தச் சின்னதக் கொண்டுபோங்க. ஓட்ட பெரிசு, தண்ணி தாராளமா வரும்."

அந்தப் பிளாஸ்டிக் சாமானை நான் திரும்பியும் பார்க்கவில்லை. சோற்றுக் கோப்பை அகலத்தில் பளபளத்த மழை ஷவரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அதைச் சுவர்ப் பைப்பில் பூட்டி முடிந்ததும் வசந்தி சொன்னாள். "ஒருக்காத் திறந்து பாருங்க."

"முதல் குளிப்பு உன்ர அண்ணன்தான்" என்றேன் பெருந்தன்மையாக.

மச்சான் வந்தார். என்னோடு இரண்டே வார்த்தை பேசிவிட்டுக் குளிக்கப் போனார். நான் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன்.

"மாஸ்டர்!"

"ஓம்!"

"தண்ணி எங்க?"

"வருகுதுதானே?"

"நடுவில மூணு ஓட்டையில சொட்டுது. நான் தல முழுக்கச் சவுக்காரம் போட்டுட்டன்!"

"பச்சத் தண்ணியத் திறங்க!"

"முதுகு பிடிச்சிரும்!"

ஒரு குறடும் ஒரு பிளாஸ்டிக் கதிரையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். "கண்ண மூடிக்கிட்டு உள்ள வாறன்!"

"நான் எப்பவோ மூடிட்டன். வாங்க!"

உள்ளே சாரனோடு ஒரு நுரைக் குவியல் நின்றது. கதிரையில் ஏறிக் குறட்டால் திருகினேன். ஷவர் இன்னும் இறுகியது. சத்தத்தை வைத்தே நுரை பேசியது. "மத்தப் பக்கம் திருப்புங்க. ஒரு கையால பைப்பப் பிடிங்க, இல்லாட்டிச் செவரோட வந்திரும்."

திருப்பினேன். மழை ஷவர் மடாரென்று வாளிக்குள் விழுந்தது. வெறும் பைப்பிலிருந்து பெருவிரல் தடிப்பில் சுடுதண்ணீர் நேரே மச்சானின் உச்சந்தலையில் இறங்கியது. "ஆ..." என்றார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

"எஞ்சினியர்மாருக்கு இதெல்லாம் தெரியுமா?" என்று கேட்டேன்.

கண்ணைக் கழுவிவிட்டு என்னை நன்றாகப் பார்த்தார். "என்ன எஞ்சினியர்? பதினாறு வருஷமா அங்க நான் குளியலறைக்குப் பைப்பும் ஷவரும் பூட்டிக் குடுக்கிற வேலதான் செய்யிறன். ஊருக்குச் சொல்ல வெக்கம். அது சரி, கடக்காரன் உங்களிட்ட ஒண்டும் கேக்கல்லையா?"

"கேட்டான். பொய் சொன்னன்."

இருவரும் சிரித்த சிரிப்பில் நான் கதிரையிலிருந்து விழப் பார்த்தேன். வெளியே வசந்தி கதவைத் தட்டினாள். "ரெண்டு பேரும் உள்ள என்ன செய்யிறீங்க?"

ஒரு வாரமாக நெஞ்சில் ஏறியிருந்த பாரம் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. பகல் சாப்பாட்டில் மச்சான் தானாகவே தங்கச்சியிடம் உண்மையைச் சொன்னார். அவள் அழுவாள் என்று நாங்கள் இருவரும் பயந்தோம். அவள் இன்னொரு மீன் துண்டை அவர் கோப்பையில் வைத்துவிட்டு, "அப்ப போறதுக்குள்ள குசினிப் பைப்பையும் ஒருக்காப் பாருங்க அண்ணன்" என்றாள்.

அடுத்த நாள் இருவரும் அதே கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் அந்தச் சின்னதை எடுத்து மேசையில் வைத்தார்.

அதற்குப் பிறகு மச்சான் எப்போது போன் எடுத்தாலும், சுகம் விசாரிக்க முதல் "தண்ணி வருகுதா?" என்றுதான் கேட்பார். போன வருஷம் அவருக்கு முதுகில் ஒப்பரேசன். நாள் முழுக்க ஒரு தகவலும் இல்லை. வசந்தி சாமியறையை விட்டு எழும்பவேயில்லை. கடைசியில் போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தேன். மறுபக்கம் மயக்கம் தெளியாத குரல், மெல்ல:

"தண்ணி வருகுதா மச்சான்?"